கதவுக்குப் பின்னால்

பயப்படுவதற்குப் பாஷை வேண்டியதில்லை. இருட்டில் காலடியில் ஏதோ வழவழவென்று ஊர்ந்தால் தமிழரும் ஆங்கிலேயரும் ஸ்பானியரும் ஒரே மாதிரிதான் துள்ளிக் குதிப்பார்கள். குதித்து முடித்து, மூச்சு வாங்கி, 'எப்படி இருந்தது தெரியுமா?' என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல ஆரம்பிக்கும்போதுதான் பாஷை வந்து சேருகிறது. அப்போது பார்த்தால், பயம் ஒவ்வொருவர் உடம்பிலும் ஒவ்வோர் இடத்தில் குடியிருப்பது தெரியும். நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஆங்கிலேயருக்கு முதுகெலும்பு வழியாகக் குளிர் இறங்குகிறது. ஸ்பானியருக்கோ, இதயத்தை யாரோ முஷ்டிக்குள் பிடித்துக்கொள்கிறார்கள். ஆத்மா ஒரு நூலில் தொங்குகிறது. மயிர் சிலிர்ப்பது மட்டும் மூன்று தேசத்தாருக்கும் பொது. அதிலும் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. சிலிர்த்த தோலைப் பார்த்தால் ஆங்கிலேயருக்கு இறகு பிடுங்கிய வாத்து ஞாபகம் வருகிறது, ஸ்பானியருக்குக் கோழி. 'கார்னே தே கயீனா' என்பார்கள். கோழிச் சதை என்று அர்த்தம்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஓர் அத்தியாயத்தை எந்த இடத்தில் நிறுத்தினால் வாசகர் அடுத்த வாரம் பத்திரிகைக் கடை வாசலில் நிற்பார் என்று கணக்குப் பார்த்தே பாதி ஆயுள் போய்விட்டது. ஆகவே திகிலும் மர்மமும் எனக்கு வெறும் ரஸனை விஷயம் அல்ல. அரிசி பருப்பு விவகாரம். ஸ்பானிஷ் வந்து சேர்ந்தது என் அண்ணன் மகளால். ஐந்து வயதில் தகப்பனாரோடு மாட்ரிட் போனவள் அங்கேயே வளர்ந்து, படித்து, இப்போது ஆங்கிலக் கதைகளை ஸ்பானிஷில் மொழிபெயர்த்துச் சம்பாதிக்கிறாள். அவள் அனுப்பிய இலக்கணப் புத்தகத்தையும் ஒரு தடித்த அகராதியையும் வைத்துக்கொண்டு, ஸ்பானிஷ் கதைகளைத் தட்டுத் தடுமாறிப் படிக்கும் அளவுக்கு வந்திருக்கிறேன். பேசச் சொன்னால் ஓடிவிடுவேன். ஒரே பேய்க் கதையை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி படிப்பது சில வருஷங்களாக என்னுடைய ராத்திரி வேலை. வீட்டில் இதைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை.

புத்தகத்தின் பின்னட்டையில் நாலு வரி புகழ்ந்து எழுதுவார்களே, அந்தச் சமாசாரம் சுலபமாகவே மொழிபெயர்ந்துவிடும் என்பது என் அனுபவம். மேலே என்ன ஆகுமோ என்று தவிக்கிற ஆங்கிலேயர் 'டென்ட்டர்ஹூக்' மேல் இருப்பதாகச் சொல்வார். நெய்த கம்பளித் துணியைச் சட்டத்தில் விறைப்பாக இழுத்து மாட்டிக் காயவைக்கிற கொக்கிகள் அவை. ஸ்பானியர் அதே தவிப்பை 'என் அஸ்குவாஸ்' என்கிறார். தணலின் மேல் இருக்கிறாராம். நாமும் நெருப்பின் மேல் நிற்கிற மாதிரி என்றுதானே சொல்கிறோம்? இந்த ஒரு விஷயத்தில் ஸ்பெயினும் நாமும் ஒரே அடுப்பங்கரை. பக்கத்தைப் புரட்ட வைக்கும் புத்தகம் என்று ஆங்கிலேயர் சொல்வதை, ஒரே இழுப்பில் படித்துவிடுகிற புத்தகம் என்று ஸ்பானியர் சொல்வார். அல்லது கொக்கி போட்டு மாட்டிவிடுகிறது என்பார். கீழே வைக்க மனம் வரவில்லை என்று நாம் சொல்கிறோம். யாருக்கும் நஷ்டமில்லை.

வேடிக்கையும் உண்டு. 'ஸஸ்பென்ஸ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மெக்ஸிகோவிலும் ஆர்ஜென்டினாவிலும் அதைச் 'சுஸ்பென்ஸோ' என்கிறார்கள். ஸ்பெயினில் அப்படிச் சொன்னால் பரீட்சையில் கோட் அடித்தது என்று அர்த்தமாகிவிடும். ஆகவே அவர்கள் கடைசி எழுத்தை மாற்றிச் 'சுஸ்பென்ஸே' என்று வைத்துக்கொண்டார்கள். இரண்டிலும் வயிறு கலங்குவது என்னவோ வாஸ்தவம். அமெரிக்காவில் ஆர். எல். ஸ்டைன் என்பவர் 1992-ல் ஆரம்பித்த சிறுவர் திகில் வரிசை ஒன்று இருக்கிறது. மயிர்க்கூச்சு என்று பொருள்படும் 'கூஸ்பம்ப்ஸ்' என்பது அதன் பெயர். ஸ்பெயினில் அதைக் 'கெட்ட கனவுகள்' என்று வெளியிட்டார்கள். லத்தீன் அமெரிக்காவில் 'குளிர் நடுக்கங்கள்' ஆயிற்று. அகராதிப்படி வந்திருக்க வேண்டிய கோழியை இரண்டு பேருமே கூட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். அட்டையில் கோழியைப் போட்டால் குழந்தைகளுக்குப் பயமா வரும்? பசிதான் வரும்.

'ஹாண்ட்டட் ஹவுஸ்' வரும்போதுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. நாம் பேய் வீடு என்போம். ஸ்பெயினில் அதற்குக் 'காஸா என்கந்தாதா' என்று பெயர். மந்திரத்தால் கட்டுண்ட வீடு. ஆனால் அந்த ஊர்ப் பெண்மணி ஒருத்தியை உங்களுக்கு அறிமுகம் செய்துவைத்தால், அவளும் 'என்கந்தாதா' என்றுதான் கை கொடுப்பாள். சந்தித்ததில் பரம சந்தோஷம் என்று பொருள். பேய் வீடு வாசற்படியில் நின்று, 'வாருங்கள், வாருங்கள்' என்று உபசாரம் செய்கிற மாதிரி ஆகிவிடுகிறது! லத்தீன் அமெரிக்காவில் 'காஸா எம்ப்ருஹாதா' என்கிறார்கள். சூனியம் வைத்த வீடு.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. ஆங்கிலச் சொல்லில் மந்திரமும் இல்லை, சூனியமும் இல்லை. ஏதோ ஒன்று அங்கே வந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். யார் ஏவினார்கள், எதற்காக வருகிறது என்று அந்தச் சொல் சொல்வதில்லை. ஸ்பானிஷ் சொற்கள் இரண்டும் ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிடுகின்றன. யாரோ மந்திரம் போட்டிருக்கிறார்கள். யாரோ சூனியம் வைத்திருக்கிறார்கள். சூனியம் என்று தெரிந்துவிட்டால் எடுப்பதற்கு ஆள் தேடலாம். காரணம் தெரிந்த பயத்துக்குப் பாதி பலம் போய்விடுகிறது.

திகில் கதையை மொழிபெயர்ப்பதில் உள்ள கஷ்டம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஹிட்ச்காக் 1962-ல் பிரெஞ்சு டைரக்டர் த்ரூஃபோவிடம் நாள்கணக்காகப் பேசினார். அது 1966-ல் புத்தகமாக வந்தது. அதில் அவர் சொன்ன வெடிகுண்டு உதாரணம் பிரசித்தம். இரண்டு பேர் மேஜையருகே உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிறார்கள். மேஜைக்கு அடியில் வெடிகுண்டு. நமக்குத் தெரியாமல் வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. நமக்கு மட்டும் முன்கூட்டித் தெரிந்திருந்தால் பதினைந்து நிமிஷம் தவிப்பு. அப்படியானால் திகில் என்பது ஓர் அளவு. வாசகருக்கு எவ்வளவு தெரியலாம், எவ்வளவு தெரியக்கூடாது என்று ஆசிரியர் தராசில் நிறுத்து வைத்திருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் சரியாகச் செய்துவிட்டு, ஒரு குன்றிமணி தகவலை அதிகமாகப் போட்டுவிட்டாலும் தராசு சாய்ந்துவிடும். மற்றக் கதைகளில் தெளிவு என்பது புண்ணியம். இங்கே அதுவே பாவமாகிவிடுகிறது.

தலைப்பு வைக்கிறவர்கள் இந்தப் பாவத்தைத் தாராளமாகச் செய்திருக்கிறார்கள். 'ரோஸ்மேரியின் குழந்தை' என்ற படம் 1968-ல் வந்தது. பிள்ளைத்தாய்ச்சியான ஒரு பெண்ணுக்குத் தன்னைச் சுற்றி இருப்பவர்கள் மேல் சந்தேகம் வருகிறது. உண்மையா, பிரமையா? கடைசிக் காட்சி வரைக்கும் அதுதான் படம். ஸ்பெயினில் அதற்கு வைத்த பெயர், 'சைத்தானின் வித்து'! டிக்கெட் ஜன்னலிலேயே கதையைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்தில் 'ரோஸ்மேரியின் குழந்தை' என்றே விட்டுவைத்தார்கள்.

நல்ல உதாரணமும் சொல்ல வேண்டும். ஹென்றி ஜேம்ஸ் 1898-ல் எழுதிய 'தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ' என்ற குறுநாவல், பேய்க் கதைகளுக்கெல்லாம் ராஜா. பெயர் தெரியாத ஓர் உபாத்தியாயினி, இரண்டு குழந்தைகள், ஒரு பெரிய மாளிகை. செத்துப்போன வேலைக்காரனும் பழைய உபாத்தியாயினியும் அங்கே நடமாடுவதாக அவள் சொல்கிறாள். அவள் கண்ணுக்குத்தான் தெரிகிறார்களா, வாஸ்தவமாகவே இருக்கிறார்களா என்று நூறு வருஷத்துக்கு மேலாகப் படித்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தலைப்பின் நேர் அர்த்தம் 'திருகாணியின் ஒரு சுற்று'. ஆர்ஜென்டினா எழுத்தாளர் ஹோஸே பியாங்கோ 1945-ல் இதை மொழிபெயர்த்தபோது, 'ஓத்ரா புவெல்தா தே துவெர்கா' என்று பெயர் வைத்தார். 'மரையை இன்னொரு சுற்று' என்று சொல்லலாம்.

இதில் இரண்டு மாற்றம் இருக்கிறது. ஆங்கிலத்தில் திருகாணி, ஸ்பானிஷில் அதன் மேல் முடுக்குகிற மரை. ஒருவனை நெருக்குவதற்கு ஸ்பானியர் மரையைத்தான் முடுக்குவார், திருகாணியைத் தொடமாட்டார். ஆகவே ஆணி போய் மரை வந்ததுதான் சரி. இன்னொன்று, தலைப்பில் இல்லாத 'இன்னொரு' என்ற சொல். கதையின் தொடக்கத்தில், பேய்க் கதையில் ஒரு குழந்தை வந்தால் திகில் இன்னொரு சுற்று ஏறுகிறது என்றால் இரண்டு குழந்தைகள் வந்தால் எப்படி என்று ஒருவர் கேட்கிறார். பியாங்கோ அங்கிருந்து அந்தச் சொல்லை எடுத்துத் தலைப்பில் வைத்தார். ஏற்கெனவே முடுக்கியிருக்கிறது, இன்னும் முடுக்கப்போகிறேன் என்கிற பயமுறுத்தல் அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டது. பேய் உண்டா இல்லையா என்பதைப் பற்றியோ, மூச்சு விடவில்லை. இதே கதையை 1961-ல் ஆங்கிலத்தில் 'தி இன்னொஸென்ட்ஸ்' என்று படமாக எடுத்தார்கள். ஸ்பெயினில் அதற்கு வைத்த பெயர் 'சுஸ்பென்ஸே', பக்கத்தில் ஆச்சரியக்குறி. சாப்பாட்டுக்குச் 'சுவை' என்று பெயர் வைத்த மாதிரி இருக்கிறது!

ஆச்சரியக்குறி என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்பானிஷில் கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும் வாக்கியத்தின் முன்னாலும் தலைகீழாக வரும். கேள்விக்கு அப்படி முன்குறி போட வேண்டும் என்று ஸ்பானிஷ் அகாடமி 1754-ல் விதி செய்தது. சத்தமாக வாசிப்பவர்களுக்கு மெத்த உபகாரம். திகில் கதைக்காரருக்கோ உபத்திரவம். ஆங்கிலத்தில் சாதுவாக ஆரம்பிக்கிற வாக்கியம் அலறலில் முடியலாம். ஸ்பானிஷில் அலறல் வரப்போகிறது என்று வாசலிலேயே ஆள் நின்று தகவல் சொல்லிவிடுவார். நல்ல மொழிபெயர்ப்பாளர் அந்தக் குறியை வாக்கியத்தின் தலையில் போடாமல், குரல் உயருகிற இடம் பார்த்து நடுவில் போடுவார். அதற்கு இலக்கணம் இடம் கொடுக்கிறது.

தலைப்பையும் குறியையும் பார்த்துச் சமாளித்துவிடலாம். இலக்கணமே வாயைத் திறந்தால் என்ன செய்வது? சில வருஷங்களுக்கு முன்பு ஒரு ராத்திரி அண்ணன் மகள் டெலிபோனில் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, ஒரு கதை வந்திருக்கு. பழைய இங்கிலீஷ் பேய்க் கதை. 'நான்' என்று ஒருத்தர் சொல்லிக்கொண்டே போகிறார். அந்த 'நான்' ஆணா பெண்ணா என்பது கடைசிப் பாராவில்தான் தெரியும். கதையே அதுதான்."

"சரி, நல்ல கதைதானே?"

"நல்ல கதைதான், நான் செத்தேன். இங்கிலீஷில் 'நான் தனியாக இருந்தேன்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார் மனுஷர். தமிழிலும் கவலையில்லை. ஸ்பானிஷில் 'தனியாக' என்று எழுதினால், சோலோவா சோலாவா என்று கேட்கிறதே! ஆணானால் சோலோ, பெண்ணானால் சோலா. களைப்பாக இருந்தது, பயமாக இருந்தது, நிச்சயமாக இருந்தேன், எல்லாவற்றுக்கும் இதே கேள்வி. பக்கத்துக்கு மூன்று இடம்."

புதுக் கஷ்டம் இல்லை இது. எட்கார் ஆலன் போ 1843-ல் எழுதிய 'தி டெல்-டேல் ஹார்ட்' கதையில், கிழவரைக் கொன்றுவிட்டுத் தான் பைத்தியம் இல்லை என்று வாதாடுகிற அந்த நபர் ஆண் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அது திட்டமாக எங்கும் சொல்லப்படவில்லை. முதல் வாக்கியத்திலேயே அவர் நரம்புத் தளர்ச்சிக்காரர் என்று வருகிறது. ஸ்பானிஷில் அந்த ஒரு சொல்லை எழுதிய மாத்திரத்தில் அவர் ஆணாகிவிடுகிறார். போவுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. அவருடைய திகில் வேறிடத்தில் இருக்கிறது. இவள் கையில் இருந்த கதைக்கோ உயிரே அதுதான்.

பிரசுராலயத்தில் இருந்தவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்: "ஆண் என்று போட்டுவிடுங்கள். கடைசியில் மாற்றிக்கொள்ளலாம்." அப்படிச் செய்தால் ஆசிரியர் ஒளித்து வைத்ததை மொழிபெயர்ப்பாளர் பொய்யாக மாற்றினதாக ஆகும். மௌனம் வேறு, பொய் வேறு. பேசாமல் இருந்த ஆசிரியரை வாசகர் கடைசியில் மெச்சுவார். பொய் சொன்ன மொழிபெயர்ப்பாளரை மன்னிக்க மாட்டார். இவள் ஒத்துக்கொள்ளவில்லை. மாற்று வழி தேடினாள். தனியாக இருந்தேன் என்பதற்கு, 'என்னோடு ஒருவரும் இல்லை' என்று எழுதினாள். களைத்திருந்தேன் என்பதற்கு, 'கால்கள் ஒத்துழைக்கவில்லை.' பயந்தவளா பயந்தவனா என்று கேட்கும் சொல்லை விட்டுவிட்டு, 'பயம் எனக்கு இருந்தது' என்றாள். ஸ்பானிஷில் அது இயல்பான பேச்சுதான். வேறு யாராவது அந்த 'நானை'க் குறிப்பிட வேண்டி வந்தால் 'பெர்ஸோனா' என்ற சொல்லுக்குள் புகுந்துகொண்டாள். நபர் என்று பொருள். அந்தச் சொல் இலக்கணத்தில் பெண்பால். ஆனால் மீசை வைத்த போலீஸ்காரரும் 'பெர்ஸோனா'தான். ஆகவே யாருக்கும் சந்தேகம் வராது.

மூன்று மாதம் இப்படியே போயிற்று. பக்கக் கணக்கில் கூலி வாங்குகிறவள் அவள். ஒரு பக்கத்துக்கு நாலு பக்க நேரம் செலவானால் அடுப்பு எப்படி எரியும் என்பது எனக்குத் தெரியாதா? நான் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி வேலையாக நானும் சில உதாரணங்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

டபிள்யூ. டபிள்யூ. ஜேகப்ஸ் எழுதிய 'குரங்கின் பாதம்' என்ற 1902-ம் வருஷத்துக் கதையைப் பலர் படித்திருப்பீர்கள். போர்ஹெஸும் அவர் நண்பர்கள் இருவரும் 1940-ல் பியூனஸ் அயர்ஸில் வெளியிட்ட விசித்திரக் கதைத் தொகுதியில் இதன் ஸ்பானிஷ் வடிவம் இருக்கிறது. உலர்ந்துபோன ஒரு குரங்குப் பாதம் மூன்று வரம் கொடுக்கும். ஏழைத் தம்பதிகள் 200 பவுன் கேட்கிறார்கள். மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்ததற்கு நஷ்ட ஈடாக அதே 200 பவுன் வருகிறது. தாயின் வற்புறுத்தலால் தகப்பன் இரண்டாவது வரத்தில் மகனைத் திரும்பக் கேட்கிறான். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. தாய்க்கு வந்திருப்பது அவள் பிள்ளை. தகப்பனோ, உள்ளே விடாதே என்று கெஞ்சும்போது, மனிதரைச் சொல்லும் சொல்லை விட்டுவிட்டு ஜடப் பொருளைச் சொல்லும் சொல்லைப் போடுகிறான். நம் பாஷையில் இது அற்புதமாக வரும். தாய் 'அவன்' என்கிறாள், தகப்பன் 'அது' என்கிறான். பெற்ற பிள்ளையைத் தகப்பன் அஃறிணையாக்கிவிட்டான்! கதவுக்குப் பின்னால் நிற்பது என்ன கோலத்தில் நிற்கிறது என்று ஜேகப்ஸ் வர்ணிக்கவே வேண்டியதில்லை.

ஸ்பானிஷில் 'அவனை' என்பதற்கும் 'அதை' என்பதற்கும் 'லோ' என்ற ஒரே சொல்தான். தாய் சொன்னாலும் லோ, தகப்பன் சொன்னாலும் லோ. அந்த ஒரு நடுக்கம் அப்படியே விழுந்துவிடுகிறது. மாட்ரிட் பக்கத்தில் ஆணைக் குறிக்க 'லே' என்றும் பொருளைக் குறிக்க 'லோ' என்றும் பிரித்துப் பேசும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அகாடமியும் அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறது. அந்த ஊர் மொழிபெயர்ப்பாளர் ஓர் எழுத்தை மாற்றி அந்த நடுக்கத்தைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் பியூனஸ் அயர்ஸ் வாசகருக்கு அது காதில் ஏறாது. ஒரு நஷ்டத்துக்கு ஒரு லாபமாக, 'பாதா' என்ற சொல் கிடைக்கிறது. மிருகத்தின் காலைக் குறிக்கும் அந்தச் சொல்லோடு 'கெட்ட' என்று ஒட்டிவிட்டால், பேச்சு ஸ்பானிஷில் துரதிர்ஷ்டம் என்று அர்த்தம். குரங்கின் பாதத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

லாபக் கணக்கில் இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. ஸ்பானிஷில் எழுவாயைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். 'எஸ்தாபா' என்ற வினைச்சொல் ஒன்று. அவன் இருந்தான், அவள் இருந்தாள், அது இருந்தது, நான் இருந்தேன், எல்லாவற்றுக்கும் அதுவே போதும். 'கதவுக்குப் பின்னால் எஸ்தாபா.' யார்? எது? அல்லது நானேதானா? ஆங்கிலத்தில் இப்படி ஒளிய முடியாது. 'ஹீ', 'ஷீ', 'இட்' என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைக்க வேண்டும். தமிழில் எழுவாயை விட்டாலும் வினையின் வால் காட்டிக்கொடுத்துவிடும். ஓரிடத்தில் வாயாடியாக இருக்கிற பாஷை, இன்னோரிடத்தில் கல்லுளிமங்கனாக இருக்கிறது.

இந்தக் கல்லுளிமங்கத்தனத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர் ஹூலியோ கோர்த்தாஸார். போவின் கதைகள் ஆரம்பத்தில் பெரும்பாலும் போதலேரின் பிரெஞ்சு வழியாகவே ஸ்பானிஷுக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றை நேரே ஆங்கிலத்திலிருந்து, பியூர்ட்டோ ரிக்கோ சர்வகலாசாலைக்காக மொழிபெயர்த்து 1956-ல் வெளியிட்டவர் அவர். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1946-ல், போர்ஹெஸ் நடத்திய பத்திரிகையில் 'காஸா தொமாதா' என்ற அவருடைய கதை வந்துவிட்டது. 'எடுத்துக்கொள்ளப்பட்ட வீடு' என்று சொல்லலாம். அண்ணனும் தங்கையுமாக ஒரு பழைய வீட்டில் இருக்கிறார்கள். ஒரு நாள் பின்கட்டில் சத்தம். கதவைச் சாத்திக்கொண்டு முன்கட்டில் வாழ்கிறார்கள். பிறகு முன்கட்டும் போகிறது. வெளியே வந்து தெருக் கதவைப் பூட்டிச் சாவியைச் சாக்கடையில் போட்டுவிட்டுப் போகிறார்கள். எடுத்துக்கொண்டது யார்? கதை சொல்லவே இல்லை. ஸ்பானிஷில் பன்மை வினையை எழுவாய் இல்லாமல் போட்டால், 'யாரோ செய்தார்கள்' என்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. திருடனோ, பேயோ, சர்க்காரோ, சொந்த மனமோ, அவரவர் பயத்துக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். போவின் ஆங்கிலத்தில் எதெது நின்றுபோகும் என்று பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, தன் பாஷையில் எதெது ஒளிந்துகொள்ளும் என்பதும் தெரிந்திருந்தது.

அண்ணன் மகளிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அதைத்தான் சித்தப்பா செய்துகொண்டிருக்கிறேன். அவர் பேசாமல் இருக்கும் இடத்தில் என் பாஷை பேசினால், அது பேசாமல் இருக்கும் இடமாகப் பார்த்துக் கதையைத் திருப்பிவிடுகிறேன்."

மொழிபெயர்ப்பைப் பற்றி நான் படித்த பெரிய பெரிய புத்தகங்களில் இவ்வளவு தெளிவாக ஒருவரும் சொல்லவில்லை.

கதை முடிந்தது, அச்சுக்குப் போயிற்று. அட்டைப் படி வந்த அன்று மறுபடியும் டெலிபோன். குரலில் சிரிப்பு இல்லை. உள்ளே இருந்த அத்தனை பக்கத்திலும் ஒரு சொல் நழுவவில்லை. பின்னட்டையில் யாரோ நாலு வரி எழுதி, 'லா ப்ரொதகோனிஸ்தா' என்று போட்டுவிட்டார்கள். கதாநாயகி என்று அர்த்தம். 'எல்' என்று போட்டிருந்தால் கதாநாயகன் ஆகியிருக்கும், அது பொய். 'லா' என்று போட்டதோ உண்மை. ஆனால் ஆசிரியர் கடைசிப் பாராவுக்கென்று வைத்திருந்த உண்மை. மூன்று மாத உழைப்பு அந்த ஒற்றை எழுத்தில் போய்விட்டது. புத்தகக் கடையில் எல்லாரும் முதலில் படிப்பது பின்னட்டையைத்தானே?

அவள் கடிதம் எழுதினாள். அதை மாற்றுங்கள், இல்லாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று. அட்டை தயாராகிவிட்டது, செலவாகும், ஓர் எழுத்துக்காக இவ்வளவு ரகளையா என்று பதில் வந்தது. 'அம்மா, வீட்டு வாடகை இருக்கிறதே, யோசித்துச் செய்' என்று அண்ணனும் அண்ணியும் சொன்னார்கள். அவள் என்னைக் கேட்டபோது, கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு பதில்தான் இருந்தது. சித்தப்பா என்ற முறையில் வேறு பதில் இருந்தது. இரண்டையும் சொன்னேன். அவள் முதலாவதை எடுத்துக்கொண்டாள்.

ஆறு வாரம் கழித்துப் பின்னட்டையை மாற்றினார்கள். 'லா ப்ரொதகோனிஸ்தா' இருந்த இடத்தில் 'கியென் நார்ரா' என்று வந்தது. 'யார் சொல்கிறாரோ அவர்' என்பது அதன் பொருள். ஆணுமில்லை, பெண்ணுமில்லை. அவள் பெயர் உள்ளே இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. அந்தப் பிரசுராலயத்திலிருந்து அதற்கப்புறம் அவளுக்கு வேலை வரவில்லை. வேறு இடங்களில் வருகிறது. அவ்வளவு கூலி இல்லை என்று கேள்வி. வருத்தமா என்று கேட்டதற்கு, வாடகை கட்டுகிற தேதியில் மட்டும் வருத்தமாக இருக்கும் என்றாள்.

புத்தகத்தின் ஒரு பிரதி எனக்கு வந்தது. முடிவு தெரிந்த கதைதான், இருந்தாலும் படித்தேன். பின்னிரவு இரண்டு மணிக்குக் கடைசிப் பாராவுக்கு வந்தபோது, அகராதி மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்த சத்தத்துக்கு நான் போட்ட சத்தத்தில் வீடே விழித்துக்கொண்டது. கோழிச் சதையோ வாத்துச் சதையோ, கை முழுவதும் சிலிர்த்திருந்தது. மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி எனக்குத் தெரியவில்லை.

கதையின் பெயரை மட்டும் கேட்டு எழுதாதீர்கள். 'லா' என்ற எழுத்தை இங்கே போட்டுவிட்ட பிறகு, பெயரையும் சொன்னால் அவள் என்னோடு பேசமாட்டாள்.